துன்ஹுவாங் சுவடிகள்: சிதறலிலிருந்து மின்னுருவாக்கம் வரை

சீனாவின் வடமேற்கே, இன்றைய கான்சு மாகாணத்தின் மேற்குக் கோடியில் உள்ள துன்ஹுவாங், ஹான் பேரரசு கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே எல்லைக் காவல் ஆட்சிப்பகுதி ஒன்றை நிறுவிய காலந்தொட்டு, பட்டுப் பாதையில் சென்ற வணிகச் சாத்துகள் தக்லமக்கான் பாலையை வடகரை வழியாகக் கடப்பதா தென்கரை வழியாகக் கடப்பதா என்று முடிவு செய்யுமுன் தங்கி இளைப்பாறிய சோலையூராக இருந்தது. அவ்வூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், மொகாவோ என்னுமிடத்தில் ஆற்றோரமாக நீளும் பாறைச் சரிவில், கி.பி. 366-இல் ஒரு பௌத்தத் துறவி முதல் குடைவரையை அமைத்தார் என்று அங்குள்ள பழைய கல்வெட்டு ஒன்று கூறுகிறது. அதன்பின் ஆயிரம் ஆண்டுகள், அரசர்களும் படைத்தலைவர்களும் வணிகர்களும் துறவியரும் ஊர்ச் சங்கங்களும் தத்தம் புண்ணியம் கருதி ஒன்றன்பின் ஒன்றாகக் குடைவித்துக்கொண்டே வந்ததால், ஓவியமும் சிற்பமும் கொண்ட 492 குடைவரைகள் இன்று எஞ்சியுள்ளன. அங்குள்ள பாறை உளிக்கு நிற்காத கூழாங்கற் கலவை என்பதால் சிற்பங்கள் களிமண்ணால் ஆக்கப்பட்டன. சுவர்கள் சாந்து பூசி வண்ணம் தீட்டப்பட்டன. ஓவியப் பரப்பு மட்டும் சுமார் 45,000 சதுர மீட்டர்.

இக்குடைவரைகளுள் இன்று 17 என்ற எண்ணால் அறியப்படுவது, 16-ஆம் குடைவரையின் நடைவழிச் சுவருக்குப் பின்னால் இருக்கும், பக்கத்துக்கு மூன்று மீட்டரும் தேறாத ஒரு சிற்றறை. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹொங்பியன் என்ற தலைமைத் துறவியின் நினைவிடமாகத் தோன்றிய அவ்வறை, பின்னர் மடாலயங்களின் சுவடிகளும் பட்டுத் திரைச்சீலை ஓவியங்களும் அடுக்கி வைக்கப்படும் இடமாகி, பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர் எழுப்பி மூடப்பட்டு, அச்சுவரின்மேல் ஓவியமும் தீட்டப்பட்டு, மனித நினைவிலிருந்தே மறைந்துபோனது. ஏன் மூடினார்கள் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பழுதாகிப் பயன்பாட்டிலிருந்து விலகினாலும் புனித எழுத்தென்பதால் எறியத் தகாதவை என்று ஒதுக்கிய குவியல் அது என்பது ஒரு கருத்து. மேற்கே பௌத்த நாடான கோத்தான் 1006-ஐ ஒட்டி இசுலாமியப் படைகளிடம் வீழ்ந்த செய்தி கேட்டு அஞ்சி மறைத்தார்கள் என்பது மற்றொரு கருத்து.

அறைக்குள் இருந்தவற்றின் எண்ணிக்கை, துண்டுகளையும் சேர்த்து எண்ணினால் 40,000-க்கும் மேல். பெரும்பகுதி பௌத்த சூத்திரங்களின் சீன மொழிப் படிகள். ஆனால் அவற்றோடு திபெத்தியம், சமஸ்கிருதம், கோத்தானியம், சோக்தியம், உய்குர் ஆகிய மொழிகளின் எழுத்துகளும், எபிரேய மொழியில் எழுதிய வழிபாட்டுத் தாள் ஒன்றும்கூட அங்கே இருந்தன. வரலாற்றாசிரியருக்கு இவற்றைவிட அரியவை, எவரும் காக்க வேண்டும் என்று நினைத்திராத அன்றாடத் தாள்கள்: நிலக் குத்தகை ஒப்பந்தங்கள், தானியக் கடன் சீட்டுகள், பெண்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட உதவிச் சங்கங்களின் விதிகள், பள்ளிச் சிறுவரின் எழுத்துப் பயிற்சி, விருந்தில் குடித்துவிட்டு நடந்துகொண்ட முறைக்காக வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்க உதவும் மாதிரிக் கடிதம். பேரரசுகளின் அரண்மனை வரலாறுகள் நூறு தொகுதிகள் இருந்தும் சொல்லாத ஒரு வாழ்க்கையை இத்தாள்கள் சொல்கின்றன. காகிதத் தட்டுப்பாடு இருந்த காலங்களில் ஒருபுறம் எழுதிய அரசு ஆவணத்தின் மறுபுறத்தில் சூத்திரமோ, சூத்திரத்தின் மறுபுறத்தில் கணக்கோ எழுதும் வழக்கமும் இருந்தது. சுருளின் முதுகுப்புறமும் முகப்புக்கு நிகரான மதிப்புடையது என்ற இந்த உண்மை, பின்னர் வந்த படமெடுப்பு முறைகள் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கும் உரைகல்லாக அமைந்தது.

மொகாவோவில் தங்கித் தானே முன்வந்து குடைவரைகளைப் பராமரித்து வந்த வாங் யுவான்லு என்ற தாவோயியத் துறவி, 1900-ஆம் ஆண்டு மணலை அகற்றும்போது சுவரின் பின்னே அறை இருப்பதைக் கண்டார். அவர் செய்தியை அதிகாரிகளுக்குத் தெரிவிக்காமல் இல்லை. சில சுருள்களை மாதிரியாக அனுப்பியும் பார்த்தார். மாகாண நிர்வாகமோ, அத்தனையையும் மாகாணத் தலைநகருக்குக் கொண்டுவர ஆகும் வண்டிச் செலவை எண்ணி, இருக்கும் இடத்திலேயே பூட்டி வைக்குமாறு 1904-இல் ஆணையிட்டதோடு நின்றுவிட்டது. அந்த ஆணைக்கும் அடுத்த வருகைக்கும் இடைப்பட்ட மூன்றாண்டுகளே பின்வந்த நூற்றாண்டின் போக்கைத் தீர்மானித்தன.

1907-இல் வந்தவர், அங்கேரியில் பிறந்து பிரித்தானிய இந்திய அரசில் பணியாற்றிய அவுரல் ஸ்டைன். சீனம் படிக்கத் தெரியாத அவருக்கு ஜியாங் சியாவோவான் என்ற செயலர் துணையாக இருந்தார். வாங், இந்தியாவுக்குச் சென்று சூத்திரங்களைக் கொண்டுவந்த யுவான் சுவாங்கின்பால் பெரும் பக்தி கொண்டவர் என்பதை ஸ்டைன் கண்டுகொண்டார். தாமும் அத்துறவியின் அடிச்சுவட்டைப் பின்பற்றியே இந்தியாவிலிருந்து மலையும் பாலையும் கடந்து வந்திருப்பதாகச் சொல்லி அவர் நம்பிக்கையைப் பெற்றார். காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதிவைத்ததால் தமிழர் வரலாற்று நூல்களில் இடம்பெறும் அதே யுவான் சுவாங்கின் பெயர், அவர் இறந்து ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குமேல் ஆனபின் ஒரு நூலகத்தைத் திறக்கும் திறவுகோலாயிற்று. முதலில் ஸ்டைனிடம் காட்டப்பட்ட கட்டில் யுவான் சுவாங் மொழிபெயர்த்த சூத்திரமே இருந்ததும் நல்ல சகுனமாகக் கொள்ளப்பட்டது. 24 பெட்டிகளில் சுவடிகளும் 5 பெட்டிகளில் ஓவியங்களும் துணிகளுமாக ஸ்டைன் கொண்டுசென்றவற்றுக்கு அவர் கணக்குப்படி ஆன தொகை சுமார் 130 பவுன். வாங் அப்பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை, குடைவரைத் திருப்பணிக்கே செலவிட்டார். எனினும் இரவில், ஊரறியாமல், விற்கும் உரிமை இல்லாத ஒருவரிடமிருந்து நடந்த கைமாற்றத்தை விற்பனை என்று அழைப்பது நேர்மையாகாது.

இதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பெரும்பாலும் நினைவுகூரப்படுவதில்லை. ஸ்டைனின் அப்பயணச் செலவில் ஐந்தில் மூன்று பங்கை இந்திய அரசும் ஐந்தில் இரண்டு பங்கைப் பிரித்தானிய அருங்காட்சியகமும் ஏற்றன. அந்த விகிதத்திலேயே பொருள்களும் பங்கிடப்பட்டன. இந்தியக் குடிமக்களின் வரிப்பணத்தில் நடந்த அந்தப் பயணத்தின் பயனாக, 17-ஆம் குடைவரையின் பட்டு ஓவியங்கள் பல இன்று புதுதில்லித் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

அடுத்த ஆண்டு, 1908-இல், பிரெஞ்சு அறிஞர் பால் பெலியோ வந்தார். சீனத்தில் ஆழ்ந்த புலமை கொண்ட அவர், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூன்று வாரம் அவ்வறைக்குள் அமர்ந்து, நாளொன்றுக்கு ஆயிரம் சுருள் வீதம் பிரித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அளவில் ஸ்டைனைவிடக் குறைவாகவும் தரத்தில் கூடுதலாகவும் பாரிசுக்குச் சென்ற தொகுப்பு அவ்வாறு உருவானது. 1909-இல் பெலியோ பெய்ஜிங்கில் சில சுவடிகளைச் சீன அறிஞர்களிடம் காட்டியபோதுதான் இழப்பின் அளவு அவர்களுக்கு விளங்கியது. அதையடுத்துச் சிங் அரசு மீதமிருந்தவற்றைத் தலைநகருக்குக் கொண்டுவர ஆணையிட்டது. வரும் வழியிலும் வந்து சேர்ந்த பின்னும் அதிகாரிகளின் கைகளில் பல மறைந்தன. 1911–12-இல் ஜப்பானியப் பௌத்தத் தலைவர் ஓத்தானி கோசுய் அனுப்பிய குழுவினரும், 1914–15-இல் ருசிய அறிஞர் செர்கேய் ஓல்டன்பர்க்கும், 1914-இல் மீண்டும் ஸ்டைனும் வாங்கிச் சென்றனர். 1924-இல் ஹார்வர்டின் லாங்டன் வார்னர் சுவரோவியங்களையே பசை தடவிய துணிகொண்டு உரித்தெடுத்தார். கால் நூற்றாண்டுக்குள் ஒரே அறையின் குவியல் லண்டன், பாரிசு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பெய்ஜிங், கியோத்தோ, சியோல், தில்லி என உலகெங்கும் சிதறிவிட்டது. ஓத்தானியின் தொகுப்பு மட்டுமே மூன்று நாடுகளில் பிரிந்து கிடக்கிறது.

அன்றுமுதல் துன்ஹுவாங்கின் வரலாறு, அச்சுவடிகளை யார் பார்க்கலாம், எவ்வளவு தொலைவு சென்று பார்க்க வேண்டும், எவ்வளவு தெளிவாகப் பார்க்கலாம் என்பவற்றின் வரலாறாகவே நடந்து வந்தது. முதற்கட்டம் கைப்படி. பெலியோவிடமிருந்து பெற்ற படங்களையும் படிகளையும்கொண்டு லுவோ சென்யூ போன்றோர் 1909-லேயே வெளியீடுகளைத் தொடங்கினர். 1920களில் பாரிசில் பயின்ற லியூ ஃபு, தேசிய நூலகத்தில் அமர்ந்து கையால் படியெடுத்த இலக்கியப் பகுதிகளைத் தொகுத்து வெளியிட்டார். 1930களில் பெய்ஜிங் நூலகம் வாங் சொங்மின்னைப் பாரிசுக்கும் சியாங் தாவை லண்டனுக்கும் அனுப்பியது; சியாங் தா லண்டனில் தங்கிய காலத்தில் சுமார் 500 சுருள்களையே பார்க்க முடிந்தது. தம் நாட்டுச் சுவடியைப் பார்க்கக் கடல் கடந்து சென்று, நூலகர் எடுத்துத் தரும் வரை காத்திருந்து, கிடைத்த நேரத்தில் பென்சிலால் படியெடுத்துத் திரும்பிய அந்தத் தலைமுறையின் உழைப்பின்மேல்தான் பின்னர் வந்த அனைத்தும் நிற்கின்றன. பெய்ஜிங்கில் எஞ்சியவற்றுக்கு 1931-இல் சென் யுவான் வெளியிட்ட பட்டியலின் தலைப்பே, கொள்ளைக்குப் பின் மிஞ்சியவற்றின் பதிவு என்ற பொருள்படும் துயரத் தலைப்பாக அமைந்தது.

பார்ப்பதற்கு முன் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு விவரப்பட்டியல் வேண்டும். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் லயனல் ஜைல்ஸ் பல பத்தாண்டுகள் உழைத்துத் தயாரித்த சீனச் சுவடிப் பட்டியல் 1957-இல்தான் அச்சேறியது. அதிலும் சுமார் 7,000 உருப்படிகளே இடம்பெற்றன. எஞ்சிய ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள் பட்டியலுக்கு வெளியே கிடந்தன. அவற்றுள் பௌத்தம் சாராதவற்றுக்குப் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் ரொங் சின்ஜியாங் தயாரித்த பட்டியல் வெளிவந்தது 1994-இல். ஒரு கண்டுபிடிப்புக்கும் அதன் பட்டியலுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்தது என்பதை, மின்னுருவாக்கம் இன்னும் ஏன் முடியவில்லை என்று கேட்பவர்கள் மனத்தில் கொள்வது நல்லது.

இரண்டாம் கட்டம் நுண்படச்சுருள். ஆவணத்தை மிகச் சிறிதாக்கி ஒளிப்படச்சுருளில் பதிந்து, உருப்பெருக்கியில் இட்டுப் படிக்கும் இம்முறையில் 1950களில் லண்டன் தொகுப்பு படமாக்கப்பட்டு, ஜப்பானும் சீனாவும் அப்படிகளைப் பெற்றன. கியோத்தோவிலும் தோக்கியோவிலும் துன்ஹுவாங் ஆய்வு செழித்ததற்கு இச்சுருள்களே காரணம். 1981 முதல் 1986 வரை தைப்பேயில் ஹுவாங் யொங்வு பதிப்பித்த 140 பெருந்தொகுதிகள் இந்நுண்படங்களை அச்சிட்டு, ஊர்ப்புறப் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கும் துன்ஹுவாங்கைக் கொண்டு சேர்த்தன. இப்பணி பெரிது. ஆயினும் கறுப்பு வெள்ளைப் படத்தில் செந்நிற முத்திரை மை கறையாகத் தெரிந்தது. ஆசிரியர் சிவப்பு மையில் இட்ட நிறுத்தக்குறிகள் மறைந்தன. பூச்சி அரிக்காதிருக்க மரப்பட்டைச் சாறு தோய்த்த தாளின் மஞ்சள் நிறம், மெல்லிய கோட்டு வரிகள், நாரின் தன்மை எதுவும் தெரியவில்லை. வெற்றாக இருக்கிறது என்று கருதப்பட்ட முதுகுப்புறங்கள் படமாக்கப்படாமலே விடப்பட்டன. சொற்களை மட்டும் தேடியவருக்கு இது போதும். சுவடியைப் பொருளாக ஆராய்பவருக்குப் போதாது.

1993-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில், துன்ஹுவாங் தொகுப்புகளை வைத்திருக்கும் பல நாட்டு நூலகங்களின் காப்பாளர்களும் செப்பனிடும் வினைஞர்களும் ஒன்றுகூடினர். அவர்கள் முதன்மையாகப் பேசியது கணினியைப் பற்றி அன்று, காகிதத்தைப் பற்றி. ஒரே ஆலையில் ஒரே நூற்றாண்டில் செய்த தாள், லண்டனில் ஒரு பசையாலும் பாரிசில் பட்டு வலையாலும் பெய்ஜிங்கில் வேறொரு முறையாலும் ஒட்டப்பட்டு, வெவ்வேறு விதமாகப் பழுதாகிக்கொண்டிருந்தது. ஒருவர் செய்த தவற்றை மற்றவர் அறியாமல் மீண்டும் செய்துகொண்டிருந்தனர். இக்கூட்டத்தின் விளைவாக 1994-இல் பிரித்தானிய நூலகத்தைத் தலைமையிடமாகக்கொண்டு பன்னாட்டுத் துன்ஹுவாங் திட்டம் தோன்றியது; அதன் முதல் இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்து அதற்கு வடிவம் கொடுத்தவர் சூசன் விட்ஃபீல்ட். மின்னுருவாக்கம், அதாவது மூலத்தை நுணுக்கமான ஒளிப்படமாக்கி அதைப் பற்றிய விவரங்களுடன் கணினியில் தேடிக் காணும்படி வைப்பது, செப்பனிடுதலின் நீட்சியாகவே அத்திட்டத்தில் நுழைந்தது. நல்ல படம் ஒன்று இருந்தால் மூலச் சுருளை அடிக்கடி விரிக்க வேண்டியதில்லை. விரிக்காத சுருள் நீண்ட நாள் வாழும்.

1998-இல் இணையத்தில் திறந்த அத்திட்டத்தின் தரவுத்தளம், அக்காலத்தில் அருங்காட்சியகங்கள் தெரிந்தெடுத்த சில அழகிய பக்கங்களை மட்டும் காட்டி வந்த வழக்கத்துக்கு மாறாக, அழகற்ற கிழிசல்களையும் முன்னும் பின்னுமாக, நிற அளவுகோலும் நீள அளவுகோலும் அருகில் வைத்துக் காட்டியது. நிறுவனங்களுக்கு இடையே எட்டிய உடன்பாட்டின் நுட்பமும் கவனிக்கத் தக்கது. எந்த நூலகமும் தன் சுவடியையோ படத்தின் உரிமையையோ மற்றொன்றிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் தன் இடத்தில், தன் பணியாளரைக்கொண்டு, ஒரே தரத்தில் படமெடுக்க வேண்டும். ஒரே அமைப்பில் விவரங்களைப் பதிய வேண்டும். தேடுபவருக்கு அனைத்தும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். சுவடியின் எண், அளவு, மொழி, கண்டெடுத்த இடம், முன்பு வெளியான ஆய்வுகள் போன்ற இவ்விவரங்களை நூலகத் துறையினர் மீதரவு என்பர், அதாவது தரவைப் பற்றிய தரவு. மீதரவு இல்லாத படம் அட்டவணை இல்லாத கிடங்குக்குச் சமம். லண்டன் எழுதும் பெயரும் பாரிசு எழுதும் பெயரும் பெய்ஜிங் எழுதும் பெயரும் ஒரே சூத்திரத்தைக் குறிப்பவை என்று கணினிக்குச் சொல்லித்தரும் வேலை, படமெடுக்கும் வேலையைவிடப் பன்மடங்கு நேரம் எடுத்தது. ஒத்துழைப்பின் உண்மையான உழைப்பு அங்கேதான் நடந்தது.

2002-இல் பெய்ஜிங்கில் சீன தேசிய நூலகத்தின் வழியாகச் சீன மொழித் தளம் திறந்தது. பின்னர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், கியோத்தோவின் ரியுகோக்கு பல்கலைக்கழகம், பெர்லின், துன்ஹுவாங் ஆய்வகம், பாரிசு, சியோல் ஆகியவை மையங்களாகின. ஒவ்வொரு மையமும் தன் நாட்டு மொழியில் தளத்தை நடத்தியது என்பது மரியாதைக்காகச் செய்த ஏற்பாடு மட்டுமன்று. முகப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருந்திருந்தால், தம் முன்னோரின் எழுத்தைத் தேடும் சீன மாணவர் மீண்டும் ஓர் அயல்நாட்டு நூலகத்தின் வாயிலில்தான் நின்றிருப்பார்.

இவ்விணைப்பு தந்த பயனுக்குத் திபெத்தின் பழைய ஆண்டுக் குறிப்பு சிறந்த சான்று. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் திபெத்தியப் பேரரசின் அவை எங்கே கூடியது, மன்னர் எங்கே கோடையைக் கழித்தார், எந்தப் படையெடுப்பு நடந்தது என்பவற்றை ஆண்டு தவறாமல் பதியும் அந்நூலே திபெத்தின் மிகப் பழைய வரலாற்று ஆவணம். எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 848 வரை துன்ஹுவாங் திபெத்தியர் ஆட்சியில் இருந்ததால் அது அங்கே கிடைத்தது. அதன் ஒரே சுருளின் ஒரு பகுதியைப் பெலியோவும் மற்றொரு பகுதியை ஸ்டைனும் எடுத்துச் சென்றதால், ஆண்டுகளின் தொடர்ச்சி ஆங்கிலக் கால்வாயின் இரு கரைகளில் அறுபட்டுக் கிடந்தது. இன்று இரண்டையும் ஒரே திரையில் அடுத்தடுத்து வைத்துப் படிக்கலாம். காலப்போக்கில் முற்றும் அழிந்தது என்று கருதப்பட்ட, தாங் தலைநகரின் வீழ்ச்சியைப் பாடும் வெய் சுவாங்கின் நெடும்பாடலும், மின்னுருவாக்கத்துக்கு வெகு முன்னரே, லண்டனிலும் பாரிசிலும் உள்ள பல படிகளை ஒப்பிட்டே மீட்கப்பட்டது.

பழைய விண்மீன் வரைபடம் ஒன்றும் இங்கே குறிப்பிடத் தக்கது. மூன்று மீட்டருக்குமேல் நீளும் ஒரு தாளில் 1,300-க்கும் மேற்பட்ட விண்மீன்களைக் காட்டும் அச்சுருளை, பிரெஞ்சு வானியலாளர்கள் இருவரும் விட்ஃபீல்டும் சேர்ந்து ஆராய்ந்து, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும், எஞ்சியுள்ள முழு வானப் படங்களில் மிகப் பழையது என்றும் 2009-இல் நிறுவினர். புள்ளிகளின் இடத்தை அளந்து உண்மை விண்மீன்களோடு ஒப்பிட நுண்படம் உதவியிருக்காது.

மின்னுருவாக்கத்துக்கு மற்றொரு பயனும் உண்டு. அது சற்றுச் சங்கடமானது. துன்ஹுவாங்கின் புகழ் பரவியதும் சீனச் சந்தையில் போலிச் சுருள்கள் புழங்கத் தொடங்கின. பழைய தாளில் புதிய எழுத்தும், உண்மைச் சுருளில் போலிக் குறிப்பும் முத்திரையும் சேர்த்து விற்றனர். ஜப்பானிய அறிஞர் ஃபுஜியேதா அகிரா, தம் நாட்டுத் தொகுப்புகளில் பெருமளவு ஐயத்துக்குரியவை என்று வாதிட்டார். 1997-இல் லண்டனில் இதற்கெனவே ஆய்வுக் கூட்டம் நடந்தது. ஒவ்வொரு நூலகமும் தன் சுவடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த வரை இவ்வழக்கைத் தீர்க்க வழியில்லை. ஒரே கையெழுத்து, ஒரே முத்திரை, ஒரே வகைத் தாள் ஆகியவை எந்தெந்த நாட்டுத் தொகுப்பில் எப்போது நுழைந்தன என்று ஒப்பிட முடிந்தபோதே ஐயங்கள் ஒவ்வொன்றாகத் தெளியத் தொடங்கின. தன் உடைமையில் போலி இருக்கக்கூடும் என்பதை உலகறியக் காட்ட ஒரு நூலகத்துக்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு பாராட்டுக்குரியது.

செப்பனிடுதலைவிட்டு மின்னுருவாக்கம் தனியே ஓடவில்லை என்பதற்கு, கி.பி. 868 மே 11 என்று நாள் குறிக்கப்பட்டு, நாள் குறித்த முழு அச்சு நூல்களில் உலகிலேயே பழையதாகக் கருதப்படும் வஜ்ரச்சேதிகா சூத்திரமே சான்று. ஏழு தாள்களை ஒட்டி ஐந்து மீட்டருக்கும் மேலாக நீளும் அச்சுருளின் பின்னால் முந்தைய தலைமுறையினர் நல்லெண்ணத்தோடு ஒட்டிய கனத்த தாள்களே அதை இழுத்து வெடிக்கச் செய்துகொண்டிருந்தன. அவற்றை ஈரத்தில் ஊறவைத்து, இழையிழையாக நீக்கும் பணி ஏழாண்டு நீடித்து 2010-இல் நிறைவுற்றது. இணையத்தில் ஒரு நொடியில் விரியும் அப்படத்தின் பின்னால் அந்த ஏழாண்டுகள் இருக்கின்றன.

சுருள்கள் இவ்வாறு உலகெங்கும் இணைக்கப்பட, குடைவரைகளின் சுவரோவியங்கள் வேறொரு சிக்கலை எதிர்கொண்டன. காண வருவோரின் மூச்சும் வியர்வையும் அறையின் ஈரப்பதத்தையும் கரியமில வாயுவையும் உயர்த்த, சுவருக்குள் உள்ள உப்பு கரைந்து வெளிவந்து வண்ணத்தைப் பொரியச் செய்தது. 1989 முதல் அமெரிக்காவின் கெட்டி செப்பனிடும் நிறுவனம் துன்ஹுவாங் ஆய்வகத்தோடு சேர்ந்து இதற்குத் தீர்வு தேடியது. இளமையில் பெய்ஜிங்கில் படித்துவிட்டு 1963-இல் பாலைக்கு வந்து, பின்னர் அவ்வாய்வகத்தின் தலைவரான ஃபான் ஜின்ஷி அம்மையார், ஓவியங்கள் எவ்வளவு காத்தாலும் என்றேனும் மங்கிவிடும் என்பதை உணர்ந்து, அவற்றைக் கணினியில் நிலைப்படுத்தும் எண்ணத்தை வலியுறுத்தினார். 1990களின் இறுதியில் மெல்லன் அறக்கட்டளையின் உதவியுடன் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு அங்கே வந்து, சுவருக்கு இணையாகத் தண்டவாளம் அமைத்து, கேமராவை அங்குலம் அங்குலமாக நகர்த்தி எடுத்த படங்களைத் தைத்து ஒரே படமாக்கும் முறையை உள்ளூர்ப் பணியாளரோடு சேர்ந்து வகுத்தது. அந்தப் பணியாளர்கள் தாமே அம்முறையை வளர்த்து, 2016-இல் 30 குடைவரைகளை இணையத்தில் எவரும் இலவசமாகச் சுற்றிப் பார்க்கும்படி திறந்தனர். வெளியிலிருந்து வந்த குழு போனபின் வேலை நின்றுவிடாமல் உள்ளூர்க் கைகளுக்கு மாறியதே அவ்வொத்துழைப்பின் ஆகச் சிறந்த பலன். 2014-இல் திறந்த வரவேற்பு மையத்தில் இப்படங்களைக்கொண்டு ஆக்கிய திரைப்படத்தை முதலில் கண்டுவிட்டுச் செல்வதால், பயணியர் குடைவரைக்குள் நிற்கும் நேரம் குறைந்தது.

இவ்வளவுக்குப் பின்னும், படம் கிடைத்துவிட்டதால் மூலத்தின் மீதான வழக்கு முடிந்துவிட்டது என்று கொள்வது தவறு. சுவடிகளைத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கை சீனாவில் நூறாண்டுகளாக ஓயவில்லை. அதற்குரிய நியாயம் உயர்ந்த படத்தால் குறைந்துவிடுவதுமில்லை. பன்னாட்டுத் துன்ஹுவாங் திட்டம் அவ்வழக்கைத் தீர்க்க முயலவில்லை, அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கியது. அதனாலேயே ஒருவரையொருவர் நம்பாத நிறுவனங்கள் ஒரே மேசையில் அமர முடிந்தது. அதனாலேயே உரிமை பற்றிய கேள்வி இன்றும் விடையின்றி நிற்கிறது. இரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

இணைய அணுகல் நிலையானது என்ற நம்பிக்கையும் 2023 அக்டோபரில் ஆட்டம் கண்டது. பணம் பறிக்கும் கும்பல் ஒன்று பிரித்தானிய நூலகத்தின் கணினி அமைப்புகளைத் தாக்கி முடக்கியதால், அந்நூலகத்தின் மின்னுருச் சுவடிகள் பல மாதங்கள் எவருக்கும் எட்டாமற் போயின. கட்டடத்துக்குள் சுருள்கள் பத்திரமாக இருந்தன, படங்களே மறைந்தன. ஒரே சுவடியின் படம் பல நாடுகளில், பல கணினிகளில் இருக்க வேண்டிய தேவையை இந்நிகழ்வு உணர்த்தியது. இத்தேவைக்குப் பொருந்துவது, ஒரு நூலகத்தின் படத்தை மற்றொரு தளத்தில் அப்படியே திறந்து ஒப்பிட உதவும் ஐ.ஐ.ஐ.எஃப். என்ற பொது விதிமுறை. இதை 2011 முதல் உருவாக்கி வளர்த்த நூலகங்களுள் லண்டனும் பாரிசும் அடங்கும். துன்ஹுவாங் சுவடிகளை வெவ்வேறாகப் பிரித்து வைத்திருக்கும் அதே இரு நகரங்கள்.

வேலை இன்னும் மிகுதி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளில் பெரும்பாலானவை உள்ளங்கை அளவுத் துண்டுகள். அவை எந்தச் சுருளின் எந்த மூலையிலிருந்து கிழிந்தவை என்று கண்டறிய, பெய்ஜிங், லண்டன், பாரிசுத் தொகுப்புகள் முழுமையாகப் படமாக வேண்டும். லண்டனில் உள்ள தாமரைச் சூத்திரத்தின் சீனப் படிகள் மட்டுமே ஏறத்தாழ 800. அவற்றுள் சில பதின்மூன்று மீட்டர் வரை நீள்பவை. ஹாங்காங்கைச் சேர்ந்த அறக்கட்டளை ஒன்றின் பொருளுதவியால் அவற்றை ஒவ்வொன்றாக விரித்து, தூசு நீக்கி, கிழிசலை மெல்லிய தாளால் சேர்த்து, அதன் பின்னரே கேமராவின் கீழ் வைக்கும் பணியைப் பிரித்தானிய நூலகம் மேற்கொண்டது.